இருபத்து மூன்று குறைகளும் ஒரு நாற்காலியும்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதும் மடல்.

இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கும் உரிமை எனக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

உன் தையல் கடைத் திறப்பன்று எல்லாரும் பரிசுப் பொட்டலம் கொடுத்தார்கள், நான் மட்டும் இருபத்து மூன்று குறைகள் எழுதிய தாளைக் கொடுத்தேன், கொடுத்ததோடு நிற்காமல் எல்லார் முன்னாலும் வாசித்தேன். "அண்ணா, வாழ்த்துன்னு ஒரு வார்த்தையாவது அதுல இருக்கா?" என்று கேட்டாய். நான் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு "இல்ல" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. முப்பத்தொரு வருஷம் மின்விசிறித் தொழிற்சாலையில் குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கியவன் நான். தொட்டில் பழக்கம் மட்டுமல்ல, தொழில் பழக்கமும் சுடுகாடு வரைக்கும் வரும் போலிருக்கிறது.

ஓய்வு பெற்றதும் சோதிக்க விசிறி இல்லாமல் உன் அண்ணியைச் சோதித்தேன். டப்பா மூடி, ஜன்னல் கொக்கி, அவள் துணி மடிக்கும் அளவு, ஒன்றையும் விடவில்லை. ஒருநாள், "ஒண்ணு நீங்க ஒரு மனநல ஆலோசகர்கிட்ட போங்க, இல்லேன்னா நான் எங்கயாவது போறேன். நான் போனா திரும்பி வரமாட்டேன்" என்றாள். நானே போனேன்.

ஆலோசகர் ஓர் அம்மாள். பாதி நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார், மீதி நேரம் மனதில் கிடப்பதைப் பேசச் சொல்வார். துறவிகளின் தியானமும் இந்தக் கால மன வைத்தியமும் அவரிடம் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கின்றன. முதல் நாள் பத்து நிமிஷம் கழித்து "எப்படி இருந்துச்சு?" என்றார். "உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒரே அளவா இல்லீங்க. எங்க தொழிற்சாலையா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றேன். "மூச்சைத் திருப்பி அனுப்பாதீங்க சார், ஆபத்து" என்றார்.

நாலாவது வாரம் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "இதுல உங்க தங்கச்சி உக்காந்திருக்காங்கன்னு நினைச்சுப் பேசுங்க" என்றார். பார்த்தேன். ஒரு கால் குட்டை. உடனே கவிழ்த்துப் போட்டு, அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து, ஆட்டிப் பார்த்து, மறுபடி கவிழ்த்து, எனக்கு ஒதுக்கிய நேரத்தில் முக்கால் பங்கு அதிலேயே போயிற்று. அந்த அம்மாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் எதுக்கு சார்?" என்றார். "அவ விழுந்துடக் கூடாதுல்ல" என்றேன். "இதைத்தான் அன்னிக்குச் சொல்லணும்னு நினைச்சீங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, தங்கச்சி. அந்த இருபத்து மூன்றும் பயம்தான். உன் கடை நிலைக்கவேண்டுமே என்ற பயம். அதைச் சொல்லத் தெரியாமல் ஆணி, கதவு, வெளிச்சம் என்று எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

இப்போது நான் வேறு ஆள். ஒரு மாதமாக எதிலும் குறை என் கண்ணில் படுவதே இல்லை. உன்னை அவசரப்படுத்தவும் மாட்டேன். நீயாகக் கூப்பிடும்வரை உன் கடைத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன். இது சத்தியம்.

உன் கையும் கத்தரியும் குறைவில்லாமல் ஓட ஆசீர்வதிக்கும்,
அண்ணன்.

பி.கு.: இதை உன் கடைக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது நாலாவது நாள். உன் பெயர்ப்பலகை இடது பக்கம் இரண்டு விரல் சாய்ந்திருக்கிறது. திருப்புளி பையில் இருக்கிறது, கேட்டால் மட்டும் எடுப்பேன். அந்த நாற்காலியை ஆலோசகரிடம் கெஞ்சி வாங்கி, காலைச் சரிசெய்து கொண்டுவந்திருக்கிறேன். என் பட்டியலில் பத்தொன்பதாவது, 'வருகிறவர் உட்கார இடமில்லை.' கடிதத்தை இங்கே பக்கத்துப் பழக்கடைக்காரர் கொண்டுவந்து தருவார். வாசலில் நின்று கையை அசைத்தால் போதும், நாற்காலியோடு தெருவைக் கடந்துவிடுவேன். அதற்கு முன் இந்தத் தாளைத் திருப்பிப் பார். 'வாழ்த்து' என்று இருபத்து மூன்று தடவை எழுதியிருக்கிறேன். எண்ணிச் சரிபார்த்துக்கொள்.