திமிலேந்திரருக்கு இடம் கிடைத்த கதை

ஒரு காட்டில் ஒரு தளபதி இருந்தார். எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால் நாலு காட்டுக்காரர்கள் "எங்களைத்தானே சொல்கிறாய்" என்று சண்டைக்கு வருவார்கள். தளபதி ஒரு காட்டெருமை, பெயர் திமிலேந்திரர். அவர் செத்து ரொம்ப நாளாகிறது, இனிமேல் பயமில்லாமல் பேசலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லையாம். உயிரோடு இருந்தபோது அவர் ஒருத்தர்தான் கோபப்பட்டார். இப்போது அவருக்காக ஊரே கோபப்படுகிறது.

முதலில் அவர் செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிப் பேர் இங்கேயே எழுந்து போய்விடுவீர்கள். ஒரு கோடையில் செந்நாய்க் கூட்டம் கல்லாற்றைத் தாண்டி வந்தது. மானும் முயலும் பன்றியும் திசைக்கொன்றாக ஓடின. ஆற்றுத் துறையில் குறுக்கே நின்றவர் திமிலேந்திரர் ஒருத்தர்தான். காலையில் நின்றவர் பொழுது சாயும்வரை நகரவில்லை. விலாவில் சதை பிய்ந்து தொங்கியது. அவருடைய கால்களுக்கு நடுவே ஒரு கடமான் குட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. பூரணி என்று பெயர். செந்நாய்கள் அலுத்துப்போய்த் திரும்பின. இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அந்த ஆள் வீரன்தான்.

இப்போது மற்றதைச் சொல்கிறேன், மீதிப் பேர் எழுந்து போகலாம். அதுவரைக்கும் அந்தக் காட்டில் மழைக்காலத்துக்கு ஒரு தலைவரை எல்லோரும் கூடித் தேர்ந்தெடுப்பது வழக்கம். போர் முடிந்த கையோடு திமிலேந்திரர் தலைமைப் பாறையில் ஏறி உட்கார்ந்தார். "நிலைமை சரியாகும்வரை, ஒரு மூன்று மாதம்" என்றார். நிலைமை கடைசிவரை சரியாகவே இல்லை. தண்ணீருக்கு ஒரு வரிசை வந்தது, உப்புக்கு ஒரு வரிசை வந்தது, வரிசையில் நிற்பதற்கு டோக்கன் வாங்க இன்னொரு வரிசை வந்தது. காட்டெருமைகளுக்கு மட்டும் வரிசை இல்லை. பாவம், அவர்கள் வரிசையை மேற்பார்வை பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் காட்டில் உப்புத்தரை என்று ஓரிடம் உண்டு. எல்லா மிருகமும் உப்புமண் நக்க வருமே, அந்த இடம். ஒருநாள் அங்கே சிலர் கூடி, "மூணு மாசம் ஆயிடுச்சுங்களா ஐயா?" என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். முன்னால் நின்றது கொம்பையா என்ற கடமான். பூரணி வளர்ந்து கட்டிக்கொண்ட கணவன். தளபதி பாறையை விட்டு இறங்கி வந்தார். பேசவில்லை, மிதித்தார். அன்று சாயங்காலமே, "உப்புத்தரையில் மண் சரிவு, வருந்துகிறோம்" என்று அரசுச் செய்தி சொல்லும் மைனா காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது. சமதரையில் மண் எங்கிருந்து சரியும் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இன்னொரு மண் சரிவு நடந்திருக்கும்.

அப்புறம் தளபதியும் செத்தார். போரிலா செத்தார்? மலையடிவாரத்துக் கேழ்வரகுக் கொல்லையில் புகுந்து, பச்சைக் கதிரை அளவில்லாமல் தின்று, வயிறு ஊதிச் செத்தார். "விவசாயிகளின் மண்ணில் உயிர் நீத்தார்" என்று மைனா அறிவித்தது. மைனாவை என்ன சொல்ல, அதுவும் பிழைக்க வேண்டாமா.

வருடங்கள் ஓடின. கல்லாற்று வெற்றிக்கு வெள்ளிவிழா வந்தது. தளபதியைக் கண்ணால்கூடப் பார்க்காத இளவட்டக் குரங்குகள்தான் அவரை நினைத்து ரொம்பவும் ஏங்கின. "அவர் மட்டும் இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார்கள், வாக்கியத்தை முடிக்கமாட்டார்கள். அவர்களுக்கு எதிராக முள்ளம்பன்றி தர்மராசு ஒரு கண்டனக் குழு வைத்திருந்தார். தினமும் ஒரு கண்டனம் வெளியிடுவார். கண்டிக்காத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

விழாக் குழுத் தலைவர் கரடி சிங்காரம், தளபதிக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டுவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் இடத்தைத் தேடினார். ஆற்றுத் துறையில் கட்டலாம் என்றால், அங்கே மணலை அள்ளி அள்ளித் துறையே இல்லாமல் போயிருந்தது. தலைமைப் பாறையைக் கேட்கலாம் என்றால், இப்போது உட்கார்ந்திருப்பவர் இறங்கமாட்டேன் என்றார். அவரும் மூன்று மாதத்துக்காக ஏறியவர்தான். உயிர்விட்ட இடமோ கேழ்வரகுக் கொல்லை; கிட்டப் போனால் நாய் விரட்டும். இடம் கிடைக்காமல் கரடி முடி கொட்டித் திரிந்தார்.

பூரணிக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவள் தினமும் காலையில் உப்புத்தரைக்குப் போவாள். கொம்பையா கிடக்கும் இடத்தின் பக்கத்தில் ஒரு நெல்லி மரம். அதன் நிழலில் கொஞ்ச நேரம் நிற்பாள். அந்த மண்ணை மட்டும் நக்கமாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். கொம்பையாவின் பெயர் போட்டு அங்கே ஒரு சின்னக் கல் வைக்க வேண்டும். வந்த தலைவர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தாள். மண் சரிவில் செத்தவர்களுக்குக் கல் வைக்கும் வழக்கம் இல்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

ஒருநாள் கரடியே அவளைத் தேடி வந்தார்.

"தளபதி காலடியில நின்ன குட்டி நீங்கதானாமேம்மா?"

"நான்தான்."

"விழாவுல நீங்க அவசியம் பேசணும்."

"பேசினா உப்புத்தரையையும் சேர்த்துத்தான் தம்பி பேசுவேன்."

கரடி முகம் சுளிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார். "பேசுங்கம்மா, யாரு வேண்டாம்னா? அந்தக் காலமா இது? இப்ப யாரும் எதையும் பேசலாம். அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்கிட்டாப் போதும்."

பூரணிக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருடம் பொத்திவைத்ததைக் காடே கூடியிருக்கும் இடத்தில், மைக்கைப் பிடித்துச் சொல்லப்போகிறாள். சொன்னால் கல் வைத்துவிடுவார்கள். வைக்காமல் எப்படி இருப்பார்கள்?

விழா அன்று கூட்டம் நெரிந்தது. குரங்குகள் கிளைக்குக் கிளை செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தன. பூரணி முதலில் ஆற்றுத் துறையைப் பற்றிச் சொன்னாள். நன்றாக இருந்ததை நன்றாக இருந்தது என்று சொல்வதில் அவளுக்கு மனக்கஷ்டம் ஒன்றும் இல்லை. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்றேன்" என்றாள். "வரிசையில கால் கொஞ்சம் வெளிய போனா மிதிப்பாங்க."

"அதுக்குப் பேருதான் ஒழுக்கம்" என்றது ஒரு குரங்கு. கைதட்டல்.

"பொழுது சாஞ்சா பயந்துகிட்டு யாரும் வெளிய வரமாட்டோம்."

"பாத்துக்கோங்க, அப்பல்லாம் திருட்டே இல்ல." மறுபடியும் கைதட்டல்.

"பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட வாயைத் தொறக்கப் பயம். காடே கப்சிப்னு கிடக்கும்."

"என்ன ஒரு அமைதி" என்று ஒரு மயில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. இப்போதிருக்கும் ஸ்பீக்கர் சத்தத்தில் அதற்கு முட்டை பொரிவதில்லையாம்.

பூரணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் என் வீட்டுக்காரரைக் கொன்னாருய்யா" என்றாள்.

கூட்டம் அடங்கியது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குள் கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா? கட்டின புருஷனையே இழந்தும் தளபதி விழாவுக்கு வந்து நிக்கிறாங்களே, இந்தத் தாய். தளபதி மேல எவ்வளவு பாசம் இருந்தா வருவாங்க? இந்தப் பெரிய மனசுக்கு எல்லாரும் ஒருதடவை கைதட்டுங்க."

தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள்.

பூரணி மைக்கைத் திரும்பப் பறித்தாள். "நம்பலைன்னா வந்து பாருங்க. உப்புத்தரையில நெல்லி மரத்துக்கு வடக்குப் பக்கம். தளபதியோட முன்னங்கால் குளம்பு பதிஞ்ச தடம் இன்னும் அப்படியே இருக்கு. மண்ணு காஞ்சு கல்லாயிடுச்சு. அதுக்குக் கீழதான் என் கொம்பையா கிடக்காரு. அங்க அவர் பேரைப் போட்டு ஒரு சின்னக் கல்லு வைங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

கரடியின் முகம் மலர்ந்தது. "என்னம்மா சொன்னீங்க? தளபதியோட குளம்புத் தடமா? நிஜத் தடமா?"

அடுத்த நிமிடம் கூட்டம் மொத்தமும் உப்புத்தரையில் இருந்தது. பூரணி மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள், தடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, செம்பருத்திப் பூ போட்டு, அதைக் குனிந்து கும்பிட்டுக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளபதியே கால் பதித்துக் காட்டிய இடம் இருக்க, இத்தனை நாள் எங்கெங்கோ தேடினோமே என்று கரடி நெகிழ்ந்து பேசினார். மண்டபம் இங்கேதான் என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

பூரணி ஓடிப்போய் முள்ளம்பன்றி தர்மராசுவிடம் நின்றாள். "அண்ணே, நீங்களாவது தடுங்கண்ணே."

"தடுக்கிறதா? என்னம்மா பேசுறீங்க?" என்றார் தர்மராசு. "மண்டபம்னு ஒன்னு இருந்தாத்தானே அதுக்கு எதிர்ல நின்னு நான் கண்டனக் கூட்டம் போட முடியும்? வெறும் பொட்டல்ல நின்னு கத்தினா எவன் வருவான்? கட்டட்டும். வருஷா வருஷம் நீங்கதான் தலைமை."

கரடியும் பக்கத்தில் வந்து ஆதரவாகப் பேசினார். "உங்க கோரிக்கையை நாங்க மறக்கலம்மா. சின்னக் கல்லு எதுக்கு? பளிங்குலேயே போட்டுடலாம், வாசல்லேயே வைக்கிறோம். கொம்பையாங்கிற பேரு காடு முழுக்கத் தெரியும், பாருங்க."

பூரணி யோசித்தாள். தடத்தைக் கும்பிட்டால் கும்பிடட்டும். எப்படியோ பெயரைப் போடுகிறார்களே. இத்தனை வருடத்தில் அவளுக்குச் சரி என்று சொன்ன முதல் ஆள் கரடிதான். பேசாமல் வீட்டுக்குப் போனாள்.

மண்டபம் திறந்த அன்று அவளும் போனாள். நெல்லி மரம் இருந்த இடத்தில் வண்டிகள் நின்றன. தினமும் காலாற நடந்து போய் நின்ற இடத்துக்கு டோக்கன் வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கி, வெயிலில் நின்று, உச்சிவேளைக்கு வாசலை நெருங்கினாள். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குளம்புத் தடம். கீழே 'திருக்குளம்படி' என்று பெயர்ப் பலகை. பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கல்யாணமான புதுசில் கொம்பையா எந்த விலாப் பக்கம் சாய்ந்து படுப்பார் என்றுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த விலாவின் மேல்தான் பூவைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் சொன்னபடியே பளிங்குக் கல் இருந்தது. பொன் எழுத்தில் பெயரும் இருந்தது. கரடியை ஏமாற்றுக்காரர் என்று சொல்லாதீர்கள், அவர் வார்த்தை தவறாதவர். கல்லில் இப்படிப் பொறித்திருந்தது: "இம்மண்டபத்துக்கு மனமுவந்து இடம் தந்த வள்ளல் கொம்பையா."

அவளுக்கு முன்னால் நின்ற ஒரு மான் குட்டி காவலுக்கு நின்ற பன்றியிடம் கேட்டது. "யாரு மாமா இந்தக் கொம்பையா?"

"தளபதியோட உயிர்த்தோழராம். தன் இடத்தையே தூக்கிக் குடுத்துட்டாராம். இப்ப யாரு குடுப்பா? நகரு நகரு, வரிசை."

பூரணி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் கண்டதும் கரடி மைனாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். மைனா மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டியது. "வள்ளலோட மனைவி நீங்கதானேம்மா? தளபதி காலத்துல இதே மாதிரி வேற எங்கெங்க என்னென்ன நடந்துச்சுன்னு எங்களுக்குச் சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க, எதையும் மறைக்க வேண்டாம்."

"ஆமாம்மா" என்றார் கரடி. "இன்னும் ரெண்டு மண்டபத்துக்கு அனுமதி கிடைச்சிருக்கு."

பூரணிக்குத் தெரியும். சுனைக்கு மேலே இருக்கும் மூங்கில் புதரில் தளபதி மிதித்த முயல்கள் கிடக்கின்றன. அவற்றின் தாய்மார்கள் இன்னும் விடிகாலையில் அங்கே போய்வருகிறார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கேளையாடு கிடக்கிறது, அதற்கு ஒரு தம்பி உண்டு. எல்லாமே கூட்டம் மிதிக்காத இடங்கள். புல் முளைத்துப் பச்சையாக, அமைதியாக இருக்கும் இடங்கள்.

"வயசாயிடுச்சு தம்பி" என்றாள். "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல."

அன்று சாயங்காலம் மைனா காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது: தளபதி ஆட்சியைப் பற்றிக் குறைசொல்ல, அந்தக் காலத்துச் சாட்சிக்கே ஒன்றும் இல்லையாம்.

நீதி: அநியாயம் நடந்ததை மேடை போட்டே சொல்லலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். எந்த இடத்தில் நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள், மண்டபம் கட்டிவிடுவார்கள்.