வீட்டுக்குள் வந்த டெவலப்மென்ட்

இனி இந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம் என்று போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முடிவெடுத்தேன். ஒன்பதே காலுக்கு மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது என் தொழில். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் படம் வரைய ஒரு புரோகிராம். அது இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று ஸ்டேபிள் வெர்ஷன். செய்தவர்களே சோதித்துப் பார்த்து, தைரியமாக வேலை செய்யுங்கள் என்று கொடுப்பது. இன்னொன்று டெவலப்மென்ட் வெர்ஷன். இன்னும் வேலை முடியாத புத்தம் புதுசு. எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், பிழைப்புக்கு இதை நம்பாதீர்கள் என்று அவர்களே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் சாதாரண ஆட்களுக்கு. நான் ஜெய்லானி.

என் மனைவி கைருன்னிசா லேபிளில் எழுத்துக் கோப்பாள், கலர் சரிபார்ப்பாள், என்னிடம் தப்புக் கண்டுபிடிப்பாள். அன்று மூன்றாவது வேலையை முதலில் ஆரம்பித்தாள்.

"என்னத்த ஏத்துறீக?"

"டெவலப்மென்ட்."

"யாருக்கு?"

"நமக்குத்தான். ஆறு வருசமா பழசையே கட்டிக்கிட்டு அழுதா எப்படி முன்னேறுறது?"

"என்னையவும்தான் இருபது வருசமா கட்டிக்கிட்டு அழுகுறீக. நான் பாதியில நின்னா போனேன்?"

நான் அடுத்த பட்டனை அமுக்கினேன். அவள் விடவில்லை.

"இங்க பாருங்க. விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி பாண்டிச்செல்வம் அண்ணனுக்குப் பன்னெண்டு லேபிள் பத்து நாள்ல குடுக்கணும். பிந்துச்சுன்னா சீசன் ஆர்டர் பூரா வேற ஆளுக்குப் போயிரும். புது வெடி செஞ்சாக்கூட பொட்டல்ல பத்தவச்சு, எட்டி நின்னு பாத்துட்டுத்தான் பெட்டியில அடைக்கிறாக. நீங்க அடுப்படிக்குள்ள பத்தவைக்கப் பாக்குறீக!"

"பயந்தவுக எட்டி நில்லுங்க."

பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். இருபது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்றினேன். மஞ்சள் ஐகான் வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு மணிக்குள் நாலு தடவை படுத்துவிட்டது. பாதி வரைந்த பூச்சட்டிப் பட்டாசு லேபிள் இருந்த இடமே தெரியவில்லை. பத்து நாளில் பன்னிரண்டு லேபிள்! ஆனாலும், "சூப்பரா ஓடுது!" என்று அடுப்படிக்குக் கேட்கும்படி கத்திவிட்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினேன். பள்ளிவாசலில் மற்றவர்கள் என்ன துஆ கேட்டார்களோ, நான் பூச்சட்டிக்காகக் கேட்டேன்.

திரும்பி வந்து பயந்துகொண்டே மஞ்சள் ஐகானை அமுக்கினேன். அல்ஹம்துலில்லாஹ்! திரை கறுப்பாக மாறியிருந்தது. வலது பக்கம் இருந்த டூல்ஸ் எல்லாம் இடது பக்கம் வந்திருந்தன. சாயங்காலம் வரை ஒரு தடங்கல் இல்லை. தன்னைத் தானே திருத்திக்கொண்டது போலிருக்கிறது.

"பாத்தியா கைரு, கறுப்புத் திரை! கண்ணுக்கு எம்புட்டுக் குளிர்ச்சி! உன் பழசுல இது உண்டா?"

"எனக்கென்ன தெரியும்? நல்லா ஓடுதுல்ல?"

"பறக்குது!"

"ஓட்டுங்க, ஓட்டுங்க."

பன்னிரண்டு லேபிளும் மூன்று நாள் முன்னதாகவே முடிந்தன. அந்த ஒரு வாரமும் டீக்கடை, சலூன், பிரஸ் என்று ஓர் இடம் விடாமல் டெவலப்மென்ட் பற்றிப் பிரசங்கம் செய்தேன். பிரசங்கம் விஸ்வநத்தம் வரை எட்டி, பாண்டிச்செல்வமே நேரில் வந்துவிட்டார்.

"பாய், லேபிள் அம்புட்டும் அருமை. அந்தப் புது வெர்ஷனை எங்க கம்பெனிலயும் வந்து போட்டுவிடுங்க. சீசன் ஆர்டர் பூரா உங்களுக்குத்தான்."

எனக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்தது. "நாளைக்கே வாரேன்" என்றேன்.

டீயோடு வந்த கைருன்னிசா குறுக்கே விழுந்தாள். "அதை மட்டும் போட்டுறாதீகண்ணே. வேலை கெட்டுப்போகும்."

"என்னக்கா, பாய் அதுலதான செஞ்சாரு?"

"அவுக ஜும்ஆவுக்குப் போனப்பவே அதைக் கழட்டிட்டேன். பழசு மேலயே மஞ்சப் படத்தை ஒட்டி, திரையைக் கறுப்பாக்கி, டூல்ஸை இடது பக்கம் தள்ளிவச்சேன். பழசுலயே அதுக்கெல்லாம் வழி இருக்கு. இவுகதான் ஆறு வருசமா தொறந்து பாக்கல."

"அப்ப ஒரு வாரமா பாய்…?"

"பழசுலதான் வேலை பாத்தாக. ஆளு மட்டும் புதுசாத் திரிஞ்சாக."

பாண்டிச்செல்வத்துக்குப் புரையேறியது. நான் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப பழசையே போட்டுருவோம். ஆனா நீங்களே வந்து போட்டுக் குடுங்கக்கா" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

மறுநாள் விஸ்வநத்தத்துக்கு நானும் போனேன். பைக் ஓட்ட ஓர் ஆள் வேண்டுமே!