பெண் பார்க்கப் போன மல்டிமீட்டர்

பெண் பார்க்கப் போகும்போது பூ, பழம், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போகலாம். மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அப்போது எனக்கு வயது இருபத்தாறு.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வருகிறவர்கள் "கரகரன்னு வருது", "தொண்ட கட்டுன மாதிரி இருக்கு" என்று விதவிதமாகச் சொல்வார்கள். நான் காது கொடுத்தே கேட்க மாட்டேன். கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை ஒயரில் வைத்து, "மீட்டர் சொல்லட்டும்" என்பேன். காது ஆளுக்கு ஆள் மாறும், முள் மாறாது என்பது என் கட்சி. (கடைச் சுவரில் பச்சைப் பெயிண்டில் அதை எழுதியும் வைத்திருந்தேன்.)

அரியலூரில், ரயில்வேயில் வேலை பார்த்தவர் ஒருவர் வீட்டுப் பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்தது. அவர்கள் வீட்டில் சிங்கப்பூர் ஸ்டீரியோ செட் ஒன்று சரியாகப் பாடவில்லை என்று தரகர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதாதா? செட்டைச் சரிசெய்து கொடுத்து ஒரே நாளில் மாப்பிள்ளையாகிவிடலாம் என்று திட்டம் போட்டேன். அம்மா, மாமா, நான், மஞ்சள் பைக்குள் மல்டிமீட்டர் என்று நான்கு பேராகப் பஸ் ஏறினோம்.

கூடத்தில் செட் ராஜ கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கச் சுவர் ஓரம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அந்தப் பக்கச் சுவர் ஓரம் ஒரு பெட்டி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் போன லீவில் கொண்டுவந்தது. ஒயர் நீளம் போதாமல், கடையில் வாங்கிய கறுப்பு ஒயரை இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டு இழுத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார்.

பெண் காபி கொண்டுவந்தாள். பெயர் தமிழ்ச்செல்வி. அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பாடத் தெரியுமாம்மா?"

"பாடத் தெரியாதுங்க. கேக்கத் தெரியும்."

மாமா பஜ்ஜியை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பெண்ணின் அப்பா சமாளித்தார்.

"அது ஒண்ணுமில்லிங்க. இந்த செட்டுல பாடறவரு நடுவுல இல்ல, நடுவுல இல்லன்னு ஒரு வருஷமா சொல்லிட்டே இருக்கா. எங்களுக்கு நல்லாத்தான் கேக்குது. தம்பி ரேடியோ படிச்சவரு, ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க."

நான் காபியைக்கூடக் குடிக்கவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். (அம்மா தலையில் கை வைத்தது ஓரக்கண்ணில் தெரிந்தது.) இந்தப் பெட்டியை அளந்தேன், அந்தப் பெட்டியை அளந்தேன். முள் இரண்டுக்கும் ஒரே இடத்தில் போய் நின்றது. செட்டிலிருந்து வரும் கரண்டை அளந்தேன். அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"செட்டுல கோளாறு இல்லைங்க. மனுஷக் காதுதான் அப்பப்ப ஏமாத்தும்" என்று தீர்ப்புச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். காதை நம்பக் கூடாது என்பது பற்றி ஒரு கால் மணி நேரம் பிரசங்கமும் செய்தேன்.

தமிழ்ச்செல்வி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணன் ஒட்டுப் போட்டதுலேர்ந்துதாங்க இப்படி. ஒவ்வொரு பெட்டிக்கும் போற ரெண்டு ஒயரும் ஒரே கறுப்பு, எது எதுன்னு தெரியாது. ஒரு பெட்டியில மட்டும் மாத்தி மாட்டிப் பாருங்களேன்."

"மாத்துனாலும் வித்தியாசம் தெரியாதுங்க."

"தெரியும்ங்க."

"அப்ப கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க பாப்பம்."

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைக் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னவன் அரியலூர் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவளுடைய அப்பாவின் துண்டையே வாங்கி, அவளே கட்டிக்கொண்டு, பட்டுப் புடவையோடு கூடத்தின் நடுவில் பாயில் உட்கார்ந்தாள். பத்து தடவை என்று பேச்சு. கேசட் ஓடியது. நான் வலது பெட்டிக்குப் பின்னால் குனிந்து, ஒவ்வொரு தடவையும் ஒயரைக் கழற்றி மாட்டினேன். மாமா விரல் விட்டு எண்ணினார்.

"இப்ப நடுவுல இருக்காரு" என்றாள். மாற்றியிருந்தேன். "ஆமாங்க" என்று ஒத்துக்கொண்டேன்; ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

"இப்ப இல்ல." பழையபடி மாட்டியிருந்தேன்.

மூன்றாவது தடவை தந்திரம் செய்தேன். கழற்றுவதுபோலக் கழற்றி, அதையே திரும்ப மாட்டினேன்.

"இப்ப ஒண்ணும் மாத்தலீங்க" என்றாள்.

ஆறாவது தடவை அவசரத்தில் ஒரு ஒயர் வெளியே நின்றுவிட்டது. "அந்தப் பெட்டி பாடவே இல்லீங்க" என்றாள். அது என் அம்மாவுக்கே தெரிந்தது.

பத்துக்குப் பத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை. மாமா இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, கும்பிடுவதா மடக்குவதா என்று தெரியாமல் நின்றார்.

துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். "நீங்க உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டேன். இந்த முறை ஒயரை மாற்றி மாட்டியது அவள்.

அதை எப்படிச் சொல்ல? முதலில் பாட்டு கூடமெங்கும் சிதறிக் கிடந்தது. அடுத்த நொடி, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத சுவரில், தினசரிக் காலண்டர் தொங்கிய இடத்தில் ஒரு மனிதர் வந்து நின்று பாடினார். அவர் மூச்சு இழுப்பது கேட்டது. அதுவரை சப்பென்று கிடந்த மிருதங்கம் வயிற்றில் வந்து அறைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான்கு வருஷமாக ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவையே நோண்டிக்கொண்டிருந்தவன் நான். இப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இதை அவள் ஒரு வருஷமாகச் சொல்லியும் அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை என்பதை நினைத்தபோது இன்னும் மலைப்பாக இருந்தது.

பிறகுதான் டிப்ளமோவில் தூங்கி வழிந்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. ஒரு பெட்டியில் ஒயர் மாறியிருந்தால், இந்தப் பெட்டி காற்றைத் தள்ளும்போது அந்தப் பெட்டி இழுக்கும்; ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். தனித்தனியாக அளந்தால் இரண்டும் நல்ல பெட்டிதான்.

துண்டை அவிழ்த்தேன். "நான் சொன்னது தப்புங்க" என்றேன். "மீட்டர் பொய் சொல்லலை. கேக்க வேண்டியதை நான்தான் கேக்கலை."

கிளம்பும்போது, "ஊருக்குப் போயி கடிதாசி போடறோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதுதான் வழக்கம். அம்மா அதற்காக வாயைத் திறந்தார். பெண்ணின் அப்பா முந்திக்கொண்டார்.

"போயிட்டு வாங்க. பாப்பாவக் கேட்டுட்டு நாங்க கடிதாசி போடறோம்."

பெரம்பலூர் வந்து சேரும்வரை அம்மா மஞ்சள் பையை என் கையில் கொடுக்கவே இல்லை. எனக்கோ, அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும்தான். கடைச் சுவரில் எழுதியிருந்ததைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தேன். தபால்காரர் சைக்கிள் மணி எங்கே அடித்தாலும் எழுந்து ஓடினேன்.

பதினைந்தாம் நாள் கார்டு வந்தது. "பெண்ணுக்குப் பரிபூரண சம்மதம். மாப்பிள்ளை அடுத்த முறை வரும்போது மீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்."

அந்தக் கார்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்னமும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால், "மீட்டர் வச்சுப் பாத்தீங்களாப்பா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த பையனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "பையில என்ன வச்சிருக்கீங்க?"

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து, என்னை ஏன் கட்டிக்கொண்டாய் என்று தமிழ்ச்செல்வியிடம் கேட்டேன்.

"என் கண்ணைக் கட்டியிருந்துச்சு. நீங்க மாத்திட்டு மாத்தலைன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியும்? பத்து தடவையும் உள்ளதைத்தான் சொன்னீங்க. அதான்."

நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். உண்மையில், அப்படி ஏமாற்ற ஒரு வழி இருந்தது என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதை நேர்மை என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை அவள் காதில் போட்டுவிடாதீர்கள். அந்தக் காதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.