அச்சேறட்டும்

வரைபடம் வரைந்தவர்கள் மை தீர்ந்ததால் விட்டுவிட்ட நாடு பொற்கரை. அங்கே ஒருநாள் கப்பலில் மிளகு மூட்டைகளோடு ஒரு சொல்லும் வந்து இறங்கியது: இம்ப்ரிமாட்டர்.

அரசவைப் புலவர் விளக்கினார்: "லத்தீன் சொல், மன்னா. அச்சேறட்டும் என்று பொருள். பாதிரிமார்கள் ஒரு நூலைப் படித்துப் பார்த்துப் பிழையில்லை என்று கண்டால், முதல் பக்கத்தில் இதைப் போட்டு அனுமதிப்பார்களாம். ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்."

மன்னருக்குச் சொல் பிடித்துப்போயிற்று. 'பிழை' என்ற இடத்தில் மட்டும் 'வருத்தம்' என்று திருத்தினார். வருத்தமில்லாதது மட்டுமே அரச முத்திரை பெற்று அச்சேறும் என்று மறுநாள் முரசு முழங்கியது.

செங்கமலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மன்னர் திறந்து வைத்த பாலம் பதினோராம் நாள் இடிந்தபோது, அவள் கணவர் உலகநாதன் அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்.

பொற்கரையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டாமல் சாவு எடுப்பதில்லை. மூன்று ஊர் தள்ளி வாழ்க்கைப்பட்ட மகள் அல்லிக்கும் அதைப் பார்த்தால்தான் தெரியும். அவள் வந்து அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். செங்கமலத்துக்கு வேறு ஆசையில்லை. கணவரை ஐஸ் பெட்டியில் கிடத்திவிட்டு, சுவரொட்டிக்கு எழுதிய வாசகத்தோடும் அவர் படத்தோடும் முத்திரை அலுவலகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி வீரபத்திரனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அகால மரணமா? என்னம்மா இது, நம்ம ராசா ஆட்சியில அகாலம் ஏது?"

"பாலம் இடிஞ்சு போச்சுங்கய்யா..."

"இடியலம்மா, பாலம் ஓய்வெடுக்குது. அந்த வரியைக் கோடு போட்டு அடிச்சாச்சு. கண்ணீர்? அதையும் அடிச்சாச்சு. படத்துல மனுசன் உம்முனு இருக்காரே, சிரிக்கிற படம் கொண்டா."

அதற்குள் ஊர் வாய்மொழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கியது. இரண்டாம் ஆணை வந்தது: காதில் பதிவதும் அச்சே. அல்லியிடம் சொல்லப் புறப்பட்ட கொழுந்தன், போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் ஆணை, முத்திரையில்லாத அழுகையைத் தடுத்தது. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்தினார்களே தவிர, இடுக்கை விட்டு யாரும் நகரவில்லை.

மூன்றாம் நாள் அனுமதி வந்தது. மேலே மன்னர் படம், கீழே சிரிக்கும் உலகநாதன், அவர் பெயர், முத்திரை. அவ்வளவுதான். சுவரொட்டி ஊரூராகப் போனது. அன்று முழுக்கக் காத்திருந்துவிட்டு, அதற்குமேல் முடியாமல், உடலைச் சத்தமில்லாமல் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

ஐந்தாம் நாள் அல்லி வந்தாள். கையில் பொன்னாடை. தெருவிலிருந்தே கூவினாள்: "அம்மா! அப்பாவுக்கு என்ன பதவி குடுத்திருக்காங்க? எங்க ஊர்ச் சுவரு பூரா அப்பாதான்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

செங்கமலம் வாயைத் திறந்தாள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். மகளை உள்ளே இழுத்துப் போய், கணவரைக் கிடத்தியிருந்த இடத்தில் தலைமாட்டு விளக்கு இன்னும் எரிவதை விரலால் காட்டினாள். பொன்னாடை கீழே விழுந்தது.

எந்த இடுக்கிலிருந்து யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் காலை முரசு நான்காம் ஆணையை முழங்கியது: விரலால் காட்டுவதற்கும் இனி முத்திரை வேண்டும்.