மாமியார் ஏற முடியாத உயரம்

ஞாயிற்றுக்கிழமையை மீட்டே தீருவது என்று லெட்சுமணன் முடிவெடுத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ரெங்கத்திலிருந்து குளுவாங் போகும் வழி. முன் சீட்டில் மாமியார் ராஜம்மா.

"மாப்பிள்ளை, ஏர்கான் குளிருது."

குறைத்தான்.

"இப்ப புழுங்குது."

கூட்டினான்.

"வேணாம் விடுங்க. நான் பொறுத்துக்கறேன்."

அந்த இடத்தில்தான் அவனுக்குப் பொறுமை போனது.

அவன் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், பாவம். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன்னே ஸ்கூடாயில் மோட்டார் சைக்கிளை எடுத்து, எல்லைப் பாலத்து நெரிசலில் புகை குடித்து, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் நாளெல்லாம் பெட்டிகளோடு மல்லுக்கட்டி, திரும்பவும் அதே பாலத்தில் அதே புகையைக் குடித்து வீட்டில் வந்து விழுகிற மனுஷன். மிச்சம் ஒரு ஞாயிறு. அதுவும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனுக்கு இல்லை. காலையில் ரெங்கம். மாமியாரை ஏற்றிக்கொண்டு கோயில். கோயில் முடிந்து குளுவாங் சந்தை. சந்தை முடிந்து யார் வீட்டிலாவது காதுகுத்து, இல்லாவிட்டால் கருமாதி. இரண்டும் இல்லையென்றால், "சும்மா எட்டிப் பாத்துட்டு வருவோமே" என்று ஒரு வீடு.

இத்தனைக்கும் அவனிடம் இருந்தது நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். காடு மேடெல்லாம் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியது. இதுவரை அது ஏறிய ஒரே மேடு கோயில் வாசலில் போட்டிருக்கும் வேகத்தடை.

ஸ்கூடாயில் டயர் கடை வைத்திருக்கும் தீபன், 'சேற்றுச் சிங்கங்கள்' என்று ஒரு கூட்டம் சேர்த்திருந்தான். ஞாயிறானால் பொந்தியான் பக்கத்துக் காட்டுப் பாதையில் வண்டியைச் சேற்றில் இறக்குவார்கள். சிக்குவார்கள். கயிறு கட்டி இழுப்பார்கள். அப்புறம் ஆற்றோரம் கோழி சுட்டுத் தின்பார்கள். அந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்க்கும்போதெல்லாம் லெட்சுமணனுக்கு வயிறு எரியும். ஒரே ஒரு ஞாயிறு. யாரும் "மாப்பிள்ளை" என்று கூப்பிடாத ஒரு ஞாயிறு. அவ்வளவுதான் அவன் கேட்டது.

வழி தீபன் கடையிலேயே கிடைத்தது. அங்கே ஒரு வண்டி நின்றது. அடியைத் தூக்கி, யானைக்கால் மாதிரி டயர் போட்ட வண்டி. அதன் சொந்தக்காரனே கைப்பிடியில் தொங்கி, முட்டியை நெஞ்சு வரை தூக்கித்தான் உள்ளே ஏறினான். லெட்சுமணன் கண்ணுக்கு அந்த முட்டி மட்டும்தான் தெரிந்தது. ராஜம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போனவை.

"தீபா, எனக்கும் இதே மாதிரி போடு."

"எவ்வளவு உசரம் வேணும்ணே?"

"என் மாமியார் ஏற முடியாத உசரம்."

கடையே சிரித்தது. லெட்சுமணனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கல்லாவில் இருந்த தீபனின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவன் செய்த ஒரே முட்டாள்தனம் அதை வாய்விட்டுச் சொன்னதுதான். மற்றதெல்லாம் அயோக்கியத்தனம்.

இனி மனைவி. செல்வராணிக்குப் பல் கிளினிக்கில் முன்மேசை வேலை. வலியில் கத்துகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கச் சிரித்த முகமாய் "கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள். அந்தச் சிரிப்பைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை.

"ராணி, காடிக்கு டயர் மாத்தலாம்னு பாக்கறேன்."

"மாத்துங்க."

"கொஞ்சம் பெருசா."

"போடுங்க."

"காடி உசரமாயிரும்லா."

"ஆகட்டுமே."

லெட்சுமணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அடுத்த வசனத்தைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தான்.

"அத்தைக்குத்தான் ஏற எறங்க சிரமமா இருக்குமோன்னு ஒரே கவலையா இருக்கு."

"அம்மாதானே? முட்டி வலி தாங்கலையாம். இனிமே எங்கயும் வரலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நீங்க பாட்டுக்கு உங்க கூட்டாளிங்களோட போங்க. ஆறு நாளு மாடா ஒழைக்கறீங்கல்ல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடமா திட்டம் போட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

"முப்பத்து மூணு இன்ச்சு போதுங்கறான் தீபன்."

"அதுக்கு மேல இல்லையா?"

"முப்பத்தஞ்சு இருக்கு. அதுக்கு ஓரத் தகட்டையெல்லாம் வெட்டணும்."

"வெட்டுனா வெட்டட்டும். போடறதுதான் போடறீங்க, பெருசாவே போடுங்க. சேத்துல நல்லா புடிக்குமா?"

"சும்மா கவ்விப் புடிக்கும்!"

"பாரம் ஏத்துனாலும்?"

"என்ன பாரம்?"

"ஒண்ணுமில்ல, கேட்டேன்."

முப்பத்தஞ்சே போட்டாயிற்று. கழற்றிய பழைய டயர்கள் சமையற்கட்டுக்குப் பின்னால் கிடக்க, "அத நான் பாத்துக்கறேன்" என்றாள் செல்வராணி. வண்டி நெடுஞ்சாலையில் போனால் டயர் போடும் கூச்சலில் ரேடியோ கேட்கவில்லை. முழுசாகத் திருப்பினால் டயர் உள்ளே உரசியது. வேக முள் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிட்டது. டீசலைக் குடித்த குடியைச் சொல்லவே வேண்டாம். லெட்சுமணன் எதையும் பொருட்படுத்தவில்லை. ஏறிப் பார்த்தான். அவன் முட்டியே முனகியது. சந்தோஷமாக இருந்தது.

அந்த ஞாயிறு வந்தது. புது பூட்ஸ், புதுக் கையுறை, நெஞ்சில் 'சேற்றுச் சிங்கம்' என்று அச்சடித்த மஞ்சள் டி-சட்டை. கிளம்பும்போது செல்வராணி பையோடு வாசலில் நின்றாள்.

"ஏங்க, என்னை மட்டும் அம்மா வீட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிருங்களேன்."

பொந்தியான் ஒரு பக்கம், ரெங்கம் வேறு பக்கம். ஆனாலும் ஜெயித்தவனுக்குத் தாராளம் வருமல்லவா? "அதுக்கென்ன, ஏறு" என்றான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதாவது யோசித்திருக்கலாம்.

ரெங்கத்தில் வாரக்கணக்காய் மழை. மாமனார் ஐயாசாமிக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செம்பனைத் தோட்டம் உண்டு, எண்ணெய் எடுக்கிற பனை. உள்ளே போகும் மண்பாதை பாதையாகவே இல்லை; கஞ்சி மாதிரி கிடந்தது. குலை ஏற்ற வந்த லாரிக்காரன் தார் ரோட்டோடு நின்று பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டுப் போய்விட்டானாம். வெட்டிய குலைகள் மரத்தடியில் குவிந்து கிடந்தன. இன்றைக்கு எடுக்காவிட்டால் கெட்டுப் போகும்.

ஐயாசாமி குலையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கம்பியோடு வாசலில் நின்றார். மருமகன் சட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சேற்றுச் சிங்கம். அப்ப சரி, வாங்க மாப்பிள்ளை. சேறு அந்தாண்ட இருக்கு."

"மாமா, எனக்கு ஒரு சோலி…"

"ராணி சொன்னா. புது டயர ஓட்டிப் பாக்கணும்னு ஆசையா இருக்கீங்களாமே. தோட்டம் பூரா ஓட்டுங்க. யாரு கேக்கப் போறா?"

அலமாக்! லெட்சுமணன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் கிளினிக் சிரிப்பு.

ஓட்டினான். சும்மா சொல்லக்கூடாது, டயர் கவ்வித்தான் பிடித்தது. லாரி பயந்த பள்ளமெல்லாம் அசால்ட்டாக ஏறி இறங்கியது. மாமனார் குலையைக் காட்ட, இவன் குத்தித் தூக்கி வண்டிக்குள் எறிய வேண்டும். வண்டியோ அவன் கேட்டு வாங்கிய உயரம். ஒவ்வொரு குலையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது. முள் புதுக் கையுறையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. மத்தியானம் கைப்பேசி சிணுங்கியது. தீபன் படம் அனுப்பியிருந்தான். ஆறு. கோழி. புகை.

செல்வராணி தண்ணீர் கொண்டுவந்தாள். மாமனார் தள்ளி நின்றிருந்தார்.

"ஏண்டி, வேணும்னேதானே செஞ்ச?"

"ஆமா."

"நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "மாமியார் ஏற முடியாத உசரம். கடையில பத்துப் பேரு சிரிச்சாங்களாம். நீங்க வீடு வர்றதுக்குள்ள தீபன் பொண்டாட்டி போன் போட்டுட்டா. எங்கம்மா முட்டி உங்களுக்கு வேடிக்கையா? எனக்கும் வாரத்துல அந்த ஒரு நாளுதாங்க. எங்கம்மாவப் பாக்கறது அந்த ஒரு நாளுதான். 'எனக்கு ஒரு ஞாயிறு வேணும் ராணி'ன்னு வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

லெட்சுமணன் தண்ணீரைக் குடித்தான். கேட்கலாம் என்பது உண்மையிலேயே அவனுக்குத் தோன்றவில்லை, அதுதான் அவனுக்குக் கசந்தது.

கடைசி நடை. குலை வாங்கும் இடத்துக்குப் போக வண்டியை வாசலில் நிறுத்தினான். வீட்டுக்குள்ளிருந்து ராஜம்மா வந்தார். கையில் துணிமூட்டை. பின்னாலேயே ஐயாசாமி ஒரு மரப்படியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அகலமான படிகள், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, பச்சைப் பெயிண்ட். வண்டிக் கதவோரம் வைத்தார். அளவெடுத்தது போல் பொருந்தியது. ராஜம்மா கட்டையைப் பிடித்துக்கொண்டு, முனகாமல், மகாராணி மாதிரி ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

லெட்சுமணன் பெயிண்டைத் தொட்டுப் பார்த்தான். நன்றாகக் காய்ந்திருந்தது.

"இத எப்ப மாமா செஞ்சீங்க?"

"நீங்க டயரு போடறதுக்கு முன்னாடியே. ராணிதான் கடையில உசரம் கேட்டுச் சொன்னா. முப்பத்து மூணுக்குச் செஞ்சேன். அப்புறம் முப்பத்தஞ்சுன்னா. ஒரு படி கூட வச்சேன்."

மேலேயிருந்து ராஜம்மா குரல் கொடுத்தார். "முன்ன இருந்ததவிட இது நல்லாருக்கு மாப்பிள்ளை. தோட்டம் பூரா தெரியுது. டாக்டரப் பாக்கணும்னு ராணி கூப்பிட்டா, கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுலதான் இருக்கப் போறேன்."

குலையை இறக்கிவிட்டு ஸ்கூடாய்க்குத் திரும்பினார்கள். டயர் ஓவென்று கத்திக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை, ஏர்கான் குளிருது."

குறைத்தான்.

"பரவால்ல, பொறுத்துக்கறேன்" என்றபடி ராஜம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

லெட்சுமணன் பின்சீட்டுப் பக்கம் மெல்லக் கேட்டான். "ராணி, இந்த டயரு ரொம்ப சத்தம் போடுது. பழசையே மாட்டிரலாமா?"

"பழசையா? அத பெரியப்பாவோட பிக்கப்புக்குக் குடுத்தாச்சே. பாவம், அவரு தோட்டத்துச் சேத்துல அதுவும் இழுக்கலையாம்."

கை எரிந்தது. சட்டையில் சிங்கம் இருந்த இடமே தெரியவில்லை. திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. செம்பனைக் குலையை வாராவாரம் வெட்டமாட்டார்கள். ஒரு வாரம் விட்டுத்தான் வெட்டுவார்கள். அப்படியானால் நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது. போதும். பாதி கிடைத்தாலும் போதும். இந்த முறை வாயைத் திறந்தே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தான்.

"ராணி, எனக்கு ஒரு ஞாயிறு வேணும். அடுத்த ஞாயிறு. உங்கப்பா தோட்டத்துலதான் வெட்டு கெடையாதே?"

"அப்பா தோட்டத்துல கெடையாதுங்க. பெரியப்பா தோட்டத்துல இருக்கு. மெதுவாப் பேசுங்க, அம்மா தூங்கறாங்க."