ஓட்டை மாஸ்க்கும் சுவாசானந்தரின் தீர்த்தமும்

வெள்ளிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் அந்த மாதம் எழுபத்து மூன்று முகக்கவசங்களில் ஓட்டை இருந்தது. எலி கடித்த ஓட்டை இல்லை. பெற்றோர்களே கத்தரிக்கோலை எடுத்து, பிள்ளையின் வாய் எங்கே வருகிறதென்று குறித்து, ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை வைத்துக் கோடு போட்டு, அழகாக வட்டம் வெட்டியிருந்தார்கள். கல்வி உள்ளே போக ஒரு வழி வேண்டாமா? அதற்குத்தான். எழுபத்து மூன்றில் ஒன்று என் வீட்டில் வெட்டியது. மறைப்பானேன், வெட்டியவன் நான்தான்.

இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் சுவாசானந்த சுவாமிகள். கொரோனாவுக்கு முன்னால் பண்டாரவளை பஸ் நிலையத்தில் கைப்பேசிக்கு உறை விற்றுக்கொண்டிருந்தவர். ஊரடங்கில் உறை விற்கவில்லை, ஞானம் வந்துவிட்டது. மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்து, பிள்ளைகள் எல்லோரும் முகக்கவசம் போட்டு வர வேண்டும் என்று உத்தரவு வந்த அதே வாரம், சுவாமிகள் தெமோதரையிலிருந்து பஸ்ஸில் மேலே ஏறி வந்தார். எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பூனாகலையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பதுளையிலிருந்து கந்தோர் உத்தியோகத்தர்கள் வந்தார்கள், முகத்தில் இரண்டு மாஸ்க், கையில் எலுமிச்சை மாலை. கொரோனாவுக்குப் பயந்து கல்யாண வீட்டுக்குப் போகாதவர்கள்கூட அந்தக் கொட்டகையில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வீட்ல புள்ள படிக்கலயா? எப்படிப் படிக்கும்? சரஸ்வதி இருக்கிறது நாக்குல. நாக்குக்கு வாசல் வாய். வாசல அடைச்சுட்டா அவ எந்த வழியா உள்ள வருவா?" என்று சுவாமிகள் கேட்டார்.

"காது வழியா வர ஏலாதுங்களா சாமி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"காது லட்சுமியோட வாசல். அதனாலதான் தோடு போடுறோம்."

பெண்கள் எல்லோரும் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவாக விளக்கிய பிறகு வேறு என்ன சந்தேகம் வரப்போகிறது?

மாஸ்க்கே வேண்டாம் என்ற பெற்றோருக்குச் சுவாமிகள் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டினார். பள்ளிக்கூடத்தில் ஏசுவார்களே என்று பயந்தவர்களுக்கு ஓட்டை போடச் சொன்னார். இல்லை சாமி, எங்களுக்கு மாஸ்க் வேண்டும் என்றவர்களை மட்டும் விட்டுவிடுவாரா? அவர்களுக்கு மந்திரித்த மாஸ்க் கொடுத்தார். எல்லாக் கட்சிக்கும் ஒரே கடை. எதை வாங்கினாலும் காணிக்கை ஒரு நாள் சம்பளம்.

தோட்டம் இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் பைப்படியில் சண்டை, கொழுந்து மலையில் சண்டை. மேல் லயத்து வரிசை வீடுகளில் நிச்சயமான ஒரு கல்யாணமே நின்றுபோனது. பெண் வீட்டில் மூக்குவரை மூடுகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டில் ஓட்டைக்காரர்கள். ஜாதகம் பொருந்தியது, மாஸ்க் பொருந்தவில்லை.

பாடசாலை அதிபர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், விஞ்ஞானப் பட்டதாரி. அவரிடம் வழக்கு போனது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரசாங்கம் அனுப்பிய சுற்றுநிருபத்தை மூன்று தரம் படித்தார்.

"முகக்கவசம் கட்டாயம் எண்டு இதில கிடக்கு. ஓட்டையைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. ஆனபடியா ரெண்டு பகுதியும் சரி" என்று தீர்ப்புச் சொன்னார்.

இதற்குத்தான் பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது.

ஆனால் ஒரு பிள்ளையின் மாஸ்க் மட்டும் ஊரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அது மதுஷாவுடையது. ஐந்தாம் வகுப்பு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. கூட்டத்துக்குள் மாஸ்க் இல்லாமல் போகவே கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய அம்மா கருப்பம்மா கொழுந்து எடுக்கிறவள். பழைய சேலையைக் கிழித்து இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்த மாஸ்க் அது. ஓட்டை கிடையாது, மந்திரமும் கிடையாது.

அந்தப் பிள்ளைதான் எங்கள் பாடசாலையிலேயே கெட்டிக்காரி. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பதினொரு வருடமாக எங்கள் தோட்டத்திலிருந்து ஒருவர்கூட அதில் சித்தியடைந்ததில்லை. மதுஷா அடைவாள் என்று ஆசிரியர்கள் எல்லோரும் சொன்னார்கள். சித்தியடைந்தால் பதுளையில் பெரிய பள்ளிக்கூடம். கருப்பம்மாவுக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

தோட்டத் தலைவர் ரெங்கசாமிக்கோ வேறு நினைப்பு. அவருடைய மகன் நிஷாந்தும் அதே வகுப்பு. அவன் மாஸ்க் போட்டதே இல்லை, கையில் கயிறு மட்டும்தான். மாதிரிப் பரீட்சையில் இருநூறுக்கு முப்பத்தொன்று வாங்கியிருந்தான்.

"எம் மவன் மக்கு இல்லீங்க. பக்கத்துல அந்தப் புள்ள மூடிக்கிட்டு உக்காருது. உள்ள அடைஞ்ச மூச்சு எல்லாம் இவன் மேல பாயுது" என்று அதிபரிடம் போய் நின்றார்.

அதிபர் உடனே பெற்றோர் கூட்டம் போட்டார். நடுவராக யாரை அழைத்தார் என்று சொல்லவும் வேண்டுமா?

சுவாமிகள் மண்டபத்துக்குள் இரண்டு செம்புகளோடு வந்தார். இரண்டும் மூடியவை. "கங்கை தீர்த்தம். காத்துப் படக் கூடாது" என்றார். மேசையில் மஞ்சள், குங்குமம், விபூதித் தட்டு, நான்கு கண்ணாடிக் கிளாஸ், பப்பாசி இலைத் தண்டில் வெட்டிய குழல்கள்.

"மூச்சுல தோஷம் இருந்தா தீர்த்தம் பாலாப் போகும். குழல வச்சு ஊதணும். உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினா குடும்பத்துக்கே ஆகாது."

மாஸ்க் போடுகிற பிள்ளை ஒன்று முதல் செம்புத் தண்ணீரில் ஊதியது. கண்ணாடி போலிருந்த தண்ணீர் மெல்ல மெல்லக் கலங்கி வெள்ளையாகிவிட்டது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சுவாமிகள் அந்தப் பிள்ளைக்குக் கயிறு கட்டி, மூன்று தரம் சுற்ற வைத்து, இரண்டாவது செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீரில் ஊதச் சொன்னார். ஒரு மாற்றமும் இல்லை. தெளிவாகவே இருந்தது.

"பாத்தீங்களா, தோஷம் போச்சு" என்றார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஏன் இரண்டு செம்பு என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் ஏன் கத்தரிக்கோலைத் தூக்கியிருக்கப் போகிறேன்?

அடுத்தது மதுஷா. எதைச் சொன்னாலும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை. ஊது என்றதும் இழுப்பையும் பாராமல், நிறுத்தி நிறுத்தி ஊதித் தள்ளினாள். கிளாஸ் முழுக்கப் பால். சுவாமிகள் இரண்டடி பின்னால் போனார்.

"இந்தப் புள்ளைக்குக் கயிறு மட்டும் காணாது. ஒரு மண்டலம் விலக்கி வைக்கணும். நாப்பத்தெட்டு நாள் மத்தப் புள்ளைங்களோட உக்காரக் கூடாது."

"ஒம்பது நாள்ல சோதனை இருக்குங்க சாமி" என்றாள் கருப்பம்மா.

"அடுத்த வருசம் எழுதட்டும்."

"இது அஞ்சாம் வகுப்புச் சோதனைங்க. ஒரு தடவதான் எழுத விடுவாங்க."

சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டார். கருப்பம்மா அதிபரைப் பார்த்தாள். அதிபர் கூட்டக் குறிப்பேட்டைப் பார்த்தார்.

"நான் என்ன செய்யிறது, அம்மா? ஒரு பிள்ளைக்காக மற்ற இருபத்தைஞ்சு பிள்ளையளின்ர பெறுபேற்றையும் பழுதாக்கேலாது" என்று சொல்லி, எழுதத் தொடங்கினார். சித்தியடையக்கூடிய ஒரே பிள்ளையை வெளியே அனுப்பி, மற்ற இருபத்தைந்து பேரின் பெறுபேற்றைக் காப்பாற்றப் பார்த்தார் மனிதர்.

கருப்பம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். மதுஷா அழுதுகொண்டே உதட்டை நக்கினாள்.

"நாக்கு எரியுதும்மா."

"அழுவாத. அழுதா நாக்கு எரியுமாடி?"

"ஊதுறப்போ கொஞ்சம் உள்ள வந்திருச்சு. அன்னைக்கு ஒங்க வெத்தலய களவா எடுத்துப் போட்டேனே, அதே மாதிரி எரியுது."

கருப்பம்மா நின்றுவிட்டாள். இருபது வருடமாக வெற்றிலை போடுகிற வாய் அவளுடையது. எது பட்டால் நாக்கு அப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியாதா? மகளைக் கையில் பிடித்தபடி நேரே மேசைக்குத் திரும்பி வந்தாள்.

"சாமி, அந்த மொத செம்புத் தண்ணியில நீங்க ஒருக்கா ஊதிக் காட்டுங்க."

"என்னோடது தவ மூச்சு. நான் ஊதினா கிளாஸ் வெடிச்சிரும்."

முன் வரிசைக்காரர்கள் உட்கார்ந்த கதிரையோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"அப்ப வேணாங்க. நிஷாந்த் தம்பி ஊதட்டும். மாஸ்க்கே போட்டதில்ல, கையில சாமி கட்டின கயிறு இருக்கு. அந்தத் தண்ணி கலங்கக் கூடாதுதானே?"

ரெங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டு மகனை அனுப்பினார். பையன் ஊதினான். தண்ணீர் பாலாகிவிட்டது.

"பக்கத்துல அந்தப் புள்ள நிக்குது, அதான்" என்றார் சுவாமிகள்.

"ஆமா, அதான்" என்றது மண்டபம்.

கருப்பம்மா விடவில்லை. இரண்டாவது செம்பிலிருந்து ஊற்றி, கயிறு கட்டாத மகளை ஊதச் சொன்னாள். தெளிவாகவே இருந்தது.

"நான் பார்வையாலேயே கட்டிட்டேன்" என்றார் சுவாமிகள்.

"ஆமா, நானே பாத்தேன்" என்றார் ஒருவர். அவர் பார்க்கவில்லை. வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட சனத்துக்கு என்னத்தைச் சொல்லி விளங்க வைப்பது? கருப்பம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு கிளாஸ் எடுத்தாள். முதல் செம்பிலிருந்து ஒன்று, இரண்டாவது செம்பிலிருந்து ஒன்று ஊற்றினாள். சுவாமிகளின் தட்டிலிருந்தே மஞ்சளை ஒரு கிள்ளு எடுத்து இரண்டாவது செம்புத் தண்ணீரில் போட்டாள். மஞ்சளாகக் கரைந்தது. இன்னொரு கிள்ளு எடுத்து முதல் செம்புத் தண்ணீரில் போட்டு விரலால் கலக்கினாள். செக்கச்செவேலென்று ஆனது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு கிளம்பியது. "அடியே, ஆலாத்தி." "ஆலாத்தித் தண்ணிடி அது."

விஞ்ஞானம் படிக்காத கைகள் அவை. ஆனால் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் பிள்ளை பெற்று வந்தவளுக்கும் ஆலாத்தி, அதாவது ஆரத்தி, கரைத்த கைகள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று அவர்களில் யாருக்குத் தெரியாது? அத்தனை பேர் இடுப்பிலும் வெற்றிலைப் பை, அத்தனை பைக்குள்ளும் சுண்ணாம்பு. அதே சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, கங்கை என்று சொல்லி, அவர்களிடமே ஒரு நாள் சம்பளத்தை வாங்கியிருக்கிறான் ஒருவன்.

"கங்கையில யாருங்க சாமி சுண்ணாம்பு கலந்தது?" என்று கேட்டாள் கருப்பம்மா.

அதிபர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"சுண்ணாம்புத் தெளிநீர். எந்த மனிசன் ஊதினாலும் பால் நிறமாத்தான் வரும். மூச்சில இருக்கிற காபனீரொட்சைட்டு, கரியமில வாயு செய்யிற வேலை. மாஸ்க்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"வருசா வருசம் ஒன்பதாம் ஆண்டுக்கு நான்தான் படிப்பிக்கிறனான்."

"அப்ப ஏன் இவ்வளவு நேரமும் சொல்லல?"

அதிபர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். "அது புத்தகத்தில கிடந்தது. இது செம்புக்குள்ள எல்லோ கிடந்தது" என்றார். குறிப்பேட்டில் எழுதியதைக் குறுக்கே வெட்டி, மதுஷாவின் பெயரைப் பரீட்சைப் பட்டியலில் மேலே எழுதினார்.

சுவாமிகள் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார். யாரும் அடிக்கவில்லை. பெண்கள் அவரை முற்றத்தில் மறித்து, அந்தச் சிவப்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, அவர் முகத்துக்கு நேரே மூன்று தரம் சுற்றி, பாடசாலை வாசலில் கொட்டி வழியனுப்பினார்கள். பதுளை பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் சுவாமிகள் பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்தார். ஆஸ்பத்திரி மாஸ்க், புத்தம் புதிது, ஒரு ஓட்டையும் இல்லை. மூக்குக்கு மேலே ஏற்றி, ஓரமெல்லாம் அமுக்கிப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் சனம் அதிகம் பாருங்கள், நோய் தொற்றிவிடுமாம்.

இதோடு எங்கள் தோட்டத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. அடுத்த நாள் காலையில் கருப்பம்மா லயத்துக் கதவைத் திறந்தால், வாசலில் வரிசை நிற்கிறது. ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர், ஆளுக்கொரு பிள்ளை. வரிசையில் முதலாவது ஆள் ரெங்கசாமி. நான் நாலாவது.

"தங்கச்சி, ஒன் கைராசி பெருசு. நிஷாந்துக்கும் ஒரு கிள்ளு மஞ்சள் போட்டுப் பாத்துச் சொல்லு. கோயில் பக்கத்துல கொட்டகையும் சும்மாதான் கெடக்கு, நீயே வந்து உக்காரு" என்றார் ரெங்கசாமி.

கருப்பம்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். மலைக்கு நேரமாகிவிட்டது. மதுஷா உள்ளே சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார் வீட்லயும் சுண்ணாம்பு இருக்கு. மஞ்சளும் இருக்கு. மண்டைக்குள்ள மூளையும் இருக்கு" என்றாள். "மொத ரெண்டையும் தெனமும் எடுத்துப் பொழங்குறீங்க. மூணாவதையும் அப்பப்ப எடுங்கண்ணே. தேஞ்சு போயிடாது."