அழகர் வேலையை விட்ட கதை

நாளைக்குக் காலையில் முதலாளியின் முன்னால் துணி அளக்கும் கஜக்கோலை விட்டெறிந்துவிட்டு வந்துவிடுவது என்று அழகர் தீர்மானித்துவிட்டார். இப்படி அவர் தீர்மானிக்காத மாதமே இல்லை. ஆனால் இந்தத் தடவை வீடு வந்து சேர்ந்த பிறகும் கோபம் ஆறவில்லை. அதுதான் புதுசு.

கண்டி நகரத்தில், கொழும்பு வீதியில் செல்லப்பா முதலாளியின் புடவைக்கடை. அழகர் அங்கே துணி அளக்க வந்தபோது மீசை அரும்பிக்கொண்டிருந்தது. இப்போது அது நரைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி, மகள் கலியாணத்துக்குச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். அழகர் மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து விரித்தார், விரித்தார், விரித்துக்கொண்டே இருந்தார். பெண்ணின் நிறத்துக்கு எது எடுக்கும், சம்பந்தியம்மாளின் வாயை எது அடைக்கும் என்று தொண்டை வற்றப் பேசினார். கங்காணி மனம் இரங்கி மூட்டை கட்டச் சொன்ன நேரத்தில் முதலாளி வந்து நின்றார்.

"பாத்தீங்களா, எங்க மச்சானோட கைராசிய!" என்று, அதுவரை கல்லாவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த மைத்துனனின் முதுகில் தட்டினார். பிறகு அழகர் பக்கம் திரும்பினார். "டேய், என்ன மரம் மாதிரி நிக்கிற? ஐயாவோட மூட்டையத் தூக்கி வண்டியில வை!"

டேய்! கங்காணியின் முன்னால். கங்காணியின் பெண்டாட்டி முன்னால். கலியாணப் பெண்ணின் முன்னால்!

கட்டுக்கலையில் இருந்த தன் வீட்டுக்கு அழகர் நடந்து வரவில்லை, கொதித்து வந்தார்.

"விட்டுட்டேன்!" என்று வாசலிலேயே கத்தினார்.

"எதை? குடையையா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அவர் மனைவி இரத்தினம்மா.

"வேலைய!"

"எப்போ?"

"நாளைக்கு!"

"அப்போ இன்னைக்குக் கைகால் கழுவிட்டுச் சாப்பிடுங்க."

"சிரிக்காத! கெலிஓயாவுல ஒரு கடை காலியாக் கிடக்கு. போன ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாத்து வச்சிருக்கேன். சொந்தமாப் புடவைக்கடை போடப்போறேன். உன்னோட அட்டியலும் காப்பும் கொஞ்ச நாளைக்கு அடகுல இருந்தாப் போதும்."

"என் அட்டியல் என் கழுத்துல இருக்கட்டும்."

"கழுத்துல எங்க இருக்கு? அலுமாரியிலதானே இருக்கு!"

"அலுமாரியும் எங்க அப்பா வாங்கிக் குடுத்ததுதான்."

முதலாளி 'டேய்' போட்டதையும் மைத்துனனின் கைராசியையும் சொல்லிச் சொல்லி அழகர் சோற்றைப் பிசைந்த வேகத்தில் சாப்பாட்டுக் கோப்பை மூலைக்கு ஓடியது. மறுநாள் காலையில் கஜக்கோலை எறியவில்லை. அதைக் கொண்டு வழக்கம்போல் துணி அளந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அளந்ததால் எல்லாருக்கும் கொஞ்சம் கூடவே கிழித்துக் கொடுத்தார். அந்த மட்டில் ஒரு திருப்தி.

அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டில் களவு போனது. மஹ்மூத் நாநாவும் அவர் மனைவி றமீஸாவும் தெல்தெனியாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, வீட்டில் இருந்த செம்புக் கிடாரத்தைக் காணவில்லை.

"ஊட்டப் பூட்டிட்டுத்தானே போனோம் தங்கச்சி!" என்று றமீஸா தலையில் கைவைத்தாள். "கள்ளன் கூரை ஓட்டப் பிரிச்சு எறங்கீக்கான். அவ்வளவு பெரிய கிடாரத்த எந்த வழியால தூக்கினானோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்!"

இரத்தினம்மாவின் முகம் வெளுத்ததை அழகர் பார்த்தார். அந்தக் கணமே அவருடைய கோபத்துக்கு ஒரு மூளை முளைத்தது. கேட்டால்தானே தரமாட்டாள்? பயந்தால் தானாகத் தருவாள்!

அன்றிலிருந்து கள்ளன் கதைகள் தொடங்கின. புடவைக்கடைக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாதா? சாயம் போகாது என்று சொல்லியே எத்தனை சேலைகளை விற்றவர்!

"கள்ளனுங்க இப்போ கிடாரத்த விட்டுட்டாங்களாம். நகை இருக்கிற வீடாத்தான் பாக்குறாங்களாம்."

"ஐயையோ!"

"அலுமாரியத் திறக்கவே அவனுங்க ஒரு ஆளைப் பழக்கி வச்சிருக்காங்களாம். நகைய எங்கிட்டக் குடு. நான் பத்திரமான எடத்துல வைக்கிறேன்."

"நகை கிடக்கட்டுங்க. கள்ளன் என்னை வெட்டிப் போட்டா? முதல்ல வீட்டைக் காவல் பண்ணுங்க!"

அழகர் இதை எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுத்தியலும் கையுமாக ஏணியில் நின்றார். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி அடித்தார். ஒவ்வோர் ஆணியின் தலையும் அவருக்கு முதலாளியின் தலையாகத் தெரிந்ததால் வேலை மும்முரமாக நடந்தது. அவருடைய பெருவிரலும் ஒருமுறை முதலாளியாகத் தெரிந்துவிட்டதுதான் கஷ்டம்.

"அடுப்படி ஜன்னல்?" என்றாள் இரத்தினம்மா கீழேயிருந்து.

"அதுக்குள்ள பூனைகூட வராது!"

"பூனை வராட்டியும் கள்ளன் வருவான். நீங்கதானே சொன்னீங்க?"

பிறகு கூரைமேல் முள் பரப்பச் சொன்னாள். பரப்பினார். நாய் வேண்டும் என்றாள். மஹியாவையில் அலைந்து ஒரு நாயைக் கொண்டுவந்தார். அது றமீஸாவைப் பார்த்து வாலாட்டியது. தயிர்க்காரனைப் பார்த்து வாலாட்டியது. அழகர் கடைவிட்டு வரும்போது மட்டும் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"நல்ல நாய்ங்க. ஆள் தெரியுது" என்றாள் இரத்தினம்மா.

அழகருக்கு வந்த கோபத்தில் நாயையே அடகு வைத்திருப்பார்.

கடைசியில் ஒருநாள் மாலை, அவர் கேட்காமலேயே அவள் வாயைத் திறந்தாள். "நீங்க சொன்னதுதான் சரி. எத்தனை கம்பி அடிச்சு என்ன? நகை வீட்டுல இருக்கப்படாது. நாளைக்கே பத்திரமான எடத்துக்குப் போயிரணும்."

"அப்படிச் சொல்லு!" அழகர் துள்ளி எழுந்தார். "இப்பவே எடு!"

"விளக்கு வச்ச பிறகு வீட்டு லெட்சுமியை வெளிய எடுப்பாங்களா? காலையில நீங்க கவலைப்படாமக் கடைக்குப் போங்க. எல்லாம் நடக்கும்."

மறுநாள் அழகர் கடைக்குள் நுழைந்த நடையே வேறு. முதலாளி அதைக் கவனிக்கவில்லை. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது கூப்பிட்டார்.

"டேய்! மச்சானோட செருப்பு அறுந்துபோச்சு. போய்த் தைச்சுக்கிட்டு வா."

அழகர் செருப்பைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். இத்தனை வருஷமாக விழுங்கிய வார்த்தைகள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு மேலே வந்தன.

"என் பேரு அழகர்! எங்க அப்பா அம்மா வச்ச பேரு! 'டேய்'ன்னு ஒரு பேர எனக்கு யாரும் வைக்கல. செருப்பு அறுந்தா அறுத்தவன் தைக்கட்டும். விக்கிறவன் நான், பேர் வாங்குறவன் அவனா? இந்தாங்க உங்க கோல்! இனிமே மச்சானையே அளக்கச் சொல்லுங்க. முழிச்சிருக்கிற நேரத்துல அளப்பாரு!"

எறிந்த கஜக்கோல் கல்லாவில் பட்டு மைத்துனனை எழுப்பியது. சேலை எடுக்க வந்த ஒரு கிழவி, "நல்லாச் சொன்னீங்க தம்பி" என்றாள்.

அழகர் வாவிக்கரையை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினார். கோபம் இவ்வளவு சுகமானது என்று அவருக்கு இதுவரை தெரியாது. மத்தியானம் வீட்டுக்கு வந்து, நாயிடமிருந்து வேட்டியை மீட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"கோலைத் தூக்கி எறிஞ்சிட்டேன்! எங்க நகை?"

"பத்திரமான எடத்துக்குப் போயிருச்சே" என்றாள் இரத்தினம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

"எந்த எடத்துக்கு?"

"உங்க முதலாளி வீட்டு இரும்புப் பெட்டிக்கு."

அழகர் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"காலையில றமீஸா ராத்தாவையும் கூட்டிக்கிட்டு ரிக்‌ஷாவுல போனேன். முதலாளியம்மா ரொம்ப நல்லவங்க. 'உன் வீட்டுக்காரரு எங்க கடையில இருக்கிற வரைக்கும் உன் நகை எங்க வீட்டு நகை மாதிரி'ன்னு வாங்கி வச்சிக்கிட்டாங்க."

"அறிவிருக்கா உனக்கு? போ! இப்பவே போய்த் திருப்பி வாங்கிட்டு வா!"

"அவங்க வீட்டுக்காரரு மேல கோலை எறிஞ்சது நானா? எறிஞ்சவரு போய்க் கேளுங்க."

"நான் அந்தக் கெலிஓயாக் கடையப் பேசி முடிக்க..."

"தெரியும். அந்தக் கடைக்குச் சொந்தக்காரர் ஹாஷிம் நாநா, நம்ம றமீஸா ராத்தாவோட கூடப்பிறந்த தம்பி. எந்த அடகுக்கடையில எவ்வளவு குடுப்பான்னு நீங்க அவர்கிட்ட விசாரிச்சதும் தெரியும்." அவள் கீரைத் தண்டை முறித்தாள். அவளுக்கும் கோபம் இருந்தது. "கேட்டுக் குடுக்கலன்னா பயங்காட்டி வாங்குறதா? எங்க அம்மா என்னை அழகருக்குத்தான் கட்டிக் குடுத்தாங்க. கள்ளழகருக்கு இல்ல!"

பதில் இல்லாத கோபம்தான் பெரிய கோபம். அதையே துணைக்கு அழைத்துக்கொண்டு சாயந்தரம் கடைக்குப் போனார். நகையை வாங்குவது, முகத்தில் முழிக்காமல் திரும்புவது. அவ்வளவுதான்.

முதலாளி கடைவாசலில் தனியாக நின்றார். அவர் முகமும் சிவந்திருந்தது. உள்ளே மைத்துனன் ஒரு சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அழகர்" என்றார் முதலாளி.

அழகர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"உங்க வீட்டம்மா காலையில வந்து எங்க வீட்டுல என்ன சொல்லி வச்சாங்களோ! மத்தியானம் சோத்துக்குப் போனா, என் பெண்டாட்டி இலையைப் போடாம நிக்கிறா. 'பழைய ஆளை நாலு பேருக்கு முன்னால டேய்ங்கிறீங்களாமே, தூங்குற என் தம்பிக்குக் கைராசிப் பட்டம் கட்டுறீங்களாமே'ன்னு பிடிச்சிக்கிட்டா. நீங்க கோலை எறிஞ்சதைச் சொன்னேன். 'என் மேலயா எறிஞ்சாரு? அவரைத் திரும்பக் கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உங்களுக்குச் சாப்பாடு'ங்கிறா."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்!" என்று அழகர் உறுமினார். "என் பெண்டாட்டி நகையைக் குடுங்க. நான் போறேன்."

"நான் குடுக்கிறதா?" முதலாளி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பெட்டிச் சாவி அவ இடுப்புல இருக்கு, அழகர். பக்கத்துல போய் நின்னாலே 'உங்களுக்கு இங்க என்ன வேலை'ன்னு கேக்குறா. பேசாம உள்ள வாங்க, எனக்குப் பசிக்குது."